அப்படி ஓர் ஊர் இருந்ததா?

1700-களில் இத்தாலியைச் சுற்றிப் பார்க்க வந்த இங்கிலாந்துப் பிரபுக்கள், ஊர் திரும்பியதும் காட்ட என்ன கொண்டுபோனார்கள்? கேமராதான் கிடையாதே... ஓவியம்தான்!

அப்படி வரைந்தவர்களில் ஒருவர் ஹென்ட்ரிக் ஃபிரான்ஸ் வான் லின்ட். 1684-ல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்து, ரோமில் குடியேறியவர். நேரிலேயே போய் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வரைவார். அதனால் சக ஃபிளெமிஷ், டச்சு ஓவியர்களிடம் அவருக்குப் பட்டப்பெயரே 'ஸ்டூடியோ' - அதாவது, படிப்பு!

ஆனால், அதே மனுஷன்தான் கற்பனைத் துறைமுகங்களையும் வரைந்தார். இடிந்த ரோமானியத் தூண்கள், பக்கத்திலேயே பாய்மரக் கப்பல்கள்! இந்த வகைக்கு 'கப்ரிச்சோ' என்று பெயர். வாங்கியவர்கள் தெரிந்துதான் வாங்கினார்கள். சிக்கல் நமக்குத்தான்! பழைய ஓவியத்தில் அழகான கடலோர ஊரைப் பார்த்ததும், 'அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படி ஓர் ஊரே இல்லாமலும் இருக்கலாம்!