பதில் சொன்னது யார்?

இந்த எபிசோடை என் அசட்டுத்தனத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். கொஞ்ச நாள் முன்னாடி நம்ம பாட்காஸ்ட்டோட இணையதளத்துக்கு நானே ஒரு நேம் சர்வர் அமைச்சேன். நேம் சர்வர்னா பெரிய விஷயம் ஒண்ணும் இல்லை. நாம பிரவுசர்ல ஒரு பெயரை டைப் பண்றோம். ஆனா ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரைத் தேடிப் போக எண் வேணும். “இந்தப் பெயருக்கு என்ன எண்?” என்று கேட்டால் பதில் சொல்வதுதான் அதன் வேலை.

‘பைண்ட்’ என்ற மென்பொருளைப் போட்டேன். பெயரையும் எண்ணையும் எழுதினேன். அந்த சர்வருக்குள்ளே இருந்தே கேட்டுப் பார்த்தேன், சரியான எண் வந்தது. என் லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்தேன், தளமும் வந்தது. நண்பர்கள் குரூப்பில் லிங்க்கைப் போட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில் பார்த்தா எல்லார்கிட்ட இருந்தும் ஒரே பதில்: “மச்சி, ஒண்ணும் வரலையே!”

தப்பு ரெண்டு இடத்துல. வெளியிலிருந்து கேள்விகள் வந்து சேர வேண்டிய 53-ஆம் எண் போர்ட்டை ஃபயர்வால் மூடி வைத்திருந்தது. உள்ளே இருந்து நான் கேட்டபோது அந்தக் கதவைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. சரி, என் லேப்டாப்பில் மட்டும் எப்படி வந்தது? அங்கேதான் சரித்திரம் வருது.

தளத்தை வடிவமைக்கும்போது, என் வசதிக்காக லேப்டாப்பில் உள்ள ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சின்னக் கோப்பில் நம்ம பெயரையும் எண்ணையும் எழுதி வைத்திருந்தேன். அதை மறந்தே போயிட்டேன். பிரவுசர் எந்த நேம் சர்வரையும் கேட்கவில்லை. அந்தக் கோப்பைப் பார்த்தே வேலையை முடித்துக்கொண்டது. என்னை ஏமாற்றிய அந்தக் கோப்பு, இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்து மிச்சம்.

1970-களில் ஆர்ப்பாநெட்டில் இருந்த கணினிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பட்டியல்தான். ‘ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட்’ என்று பெயர். கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்பவரின் குழு அதைப் பராமரித்தது. எல்லாரும் அவரை ‘ஜேக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். உங்க கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் வேணுமா? அந்தக் குழுவிடம் சொல்லணும். அவர்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். மற்ற எல்லாரும் புதுப் பட்டியலை இறக்கித் தங்கள் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சில நூறு கணினிகள் இருந்த வரைக்கும் இது ஓடியது. அதற்கு மேல் மூச்சு வாங்கியது. பட்டியல் நாளுக்கு நாள் மாறியது. ஒருத்தர் கையில் புதுப் பிரதி, இன்னொருத்தர் கையில் பழைய பிரதி. எல்லாரும் ஒரே இடத்தில் வந்து இறக்கியதால் அங்கே நெரிசல் வேறு.

அப்போது தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் ஜான் போஸ்டல் இருந்தார். இணையத்தின் பெயர்களையும் எண்களையும் ஒழுங்காக வைத்திருந்த மனிதர். இதைத் தீர்க்க ஏற்கெனவே சில யோசனைகள் வந்திருந்தன. அவற்றுக்குள் ஒரு சமரசம் கண்டுபிடிக்கச் சொல்லி, சக ஊழியரான பால் மொகபெட்ரிஸிடம் கொடுத்தார். மொகபெட்ரிஸ் சமரசம் எதுவும் செய்யவில்லை. புதுசா ஒண்ணையே உருவாக்கிட்டார்.

அவருடைய யோசனை நமக்குப் பழக்கமானதுதான். தெரியாத ஏரியாவில் ஒரு வீட்டைத் தேடுறோம். டீக்கடைக்காரருக்கு வீடு தெரியாது. “அந்தத் தெருவா? பிள்ளையார் கோயில் பக்கத்துல கேளுங்க” என்பார். கோயில் பக்கத்தில் கேட்டால் தெருவைக் காட்டுவார்கள். தெருவில் கேட்டால் வீடு. யாருக்கும் ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை, அடுத்து யாரைக் கேட்கணும்னு தெரிந்தால் போதும். இதில் முதல் டீக்கடைக்காரர்தான் ‘ரூட்’ சர்வர். அது ‘டாட் காம்’ யார் பொறுப்பில் இருக்கிறது என்று காட்டும். டாட் காம் சர்வர், நம்ம பெயர் யார் பொறுப்பு என்று காட்டும்.

1983 நவம்பரில் இந்தத் திட்டம் ஆவணமாக வெளியானது. மொகபெட்ரிஸ் எழுதிய முதல் நேம் சர்வருக்கு ‘ஜீவ்ஸ்’ என்று பெயர். 1984-ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நாலு பேர் யூனிக்ஸ் கணினிகளுக்காக இன்னொன்று எழுதினார்கள். நான் நிறுவின ‘பைண்ட்’ அதோட வாரிசுதான்.

பட்டியலைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தாச்சு. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒருத்தரை நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்று ரெண்டு சம்பவம் காட்டியது.

முதலாவது, 1997 ஜூலை 17. டாட் காம், டாட் நெட் பெயர்களைப் பராமரித்த ‘நெட்வொர்க் சொல்யூஷன்ஸ்’ நிறுவனத்தில், அன்றைய பட்டியல் பழுதாக உருவானது. எச்சரிக்கை வந்தது. பணியில் இருந்தவர் அதைக் கவனிக்காமல் பட்டியலை வெளியிட்டுவிட்டார். சில மணி நேரம் ஏராளமான தளங்களுக்குப் போக முடியவில்லை. உலகமே கவனித்தது.

இரண்டாவது, 1998 ஜனவரி 28. இதை யாருமே கவனிக்கவில்லை. எனக்கு இதுதான் அதிகம் உறைத்தது.

அப்போது உலகத்தில் 13 ரூட் சர்வர்கள். தலைமை சர்வர் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கையில், மற்ற 12-ம் அதைப் பார்த்துப் பிரதி எடுக்கும். இணையப் பெயர்கள் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கணும் என்று சண்டை முற்றியிருந்த நேரம். போஸ்டல் எட்டு சர்வர்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனிமேல் அங்கிருந்து எடுக்க வேண்டாம், என் பக்கத்து கணினியிலிருந்து பட்டியலை எடுங்கள் என்று கேட்டார். எட்டு பேரும் மாற்றினார்கள். அவர்கள் நம்பியது எந்தச் சட்டத்தையும் இல்லை, போஸ்டல் என்ற ஒரு மனிதரை.

பட்டியல் அதேதான். அதனால் எந்தத் தளமும் நிற்கவில்லை, எந்த மின்னஞ்சலும் தொலையவில்லை. ஆனால் அமெரிக்க அரசு ஆடிப் போனது. வெள்ளை மாளிகையைச் சேர்ந்த ஐரா மாகசினர் பேசி, பழையபடி மாற்றச் சொன்னார். இது ஒரு சோதனை என்றுதான் போஸ்டல் விளக்கம் சொன்னார். பிறகு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது. அதே ஆண்டு, இந்தப் பொறுப்புகளுக்காக ‘ஐகான்’ என்ற அமைப்பு உருவானது. அது பிறந்த சில நாட்களில், அக்டோபர் 16 அன்று, போஸ்டல் இறந்துபோனார். வயசு 55.

அது உண்மையிலேயே சோதனையா, இல்லை தன் பலத்தைக் காட்டினாரா? இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு அதில் வேறொரு பாடம் தெரியுது. சரியான பதில் வந்ததாலேயே, சரியான ஆள்தான் சொன்னார்னு ஆகாது. 2010 ஜூலையில் ரூட் பட்டியலுக்கு டிஜிட்டல் கையெழுத்து வந்தது இதற்காகத்தான். பதிலோடு சேர்த்து, அது யாருடையது என்பதையும் சரிபார்க்கலாம்.

அன்னைக்குக் காலையில் நான் செய்ததும் அதேதான், ரொம்பச் சின்ன அளவில். ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருந்த அந்த வரியை அழித்தேன். 53-ஐத் திறந்தேன். வேறு ஊரில் இருக்கும் ஒரு தோழியிடம், ‘டிக்’ என்ற கட்டளையால் என் சர்வரை நேரடியாகக் கேட்கச் சொன்னேன். எண் வந்தது. கூடவே ‘ஏஏ’ என்ற ரெண்டு எழுத்தும் வந்தது. எங்கோ கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை, இந்தப் பெயருக்குப் பொறுப்பான சர்வரே பேசுகிறது என்று அதற்கு அர்த்தம்.

இன்னைக்கு உங்க லேப்டாப்பில் அந்த ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தேடித் திறந்து பாருங்க. விளக்கக் குறிப்புகளை விட்டுட்டா, பெரும்பாலும் ரெண்டு மூணு வரிக்கு மேல இருக்காது. அதுக்கு மேல ஏதாவது இருந்தா, அதை எழுதினது யாருன்னு ஒரு தடவை யோசிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.