அசல், கவரிங், போலி: கோல்ஃப் மட்டையில் மூன்று ரகம்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நகை வாங்கப் போகும் நம் தாய்மார்கள் முதலில் வளையலின் உட்புறத்தைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். 916 முத்திரை இருக்கிறதா? இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. கவரிங் நகையும் விற்பனைக்கு இருக்கத்தான் செய்கிறது. வாங்குபவருக்கும் அது தங்கம் இல்லை என்று தெரியும். விற்பவரும் தங்கம் என்று சொல்வதில்லை. கவரிங் கடைக்காரரை யாரும் திருடன் என்று திட்டியது கிடையாது. ஆனால் பித்தளையில் 916 என்று குத்தி விற்பவன் கதை வேறு. அவன் இருக்க வேண்டிய இடமும் வேறு.

நகையில் இந்த மூன்று ரகத்தையும் சட்டென்று பிரித்துவிடும் நம்மவர்கள், கோல்ஃப் மட்டை என்று வந்துவிட்டால் இரண்டே ரகமாகப் பேசுகிறார்கள். ஒன்று ஒரிஜினல், மற்றொன்று டூப்ளிகேட். ஒரு பக்கம் "பெயருக்காக இரண்டாயிரம் வெள்ளி கொட்டுவதா?" என்கிறார்கள். மறுபக்கம் "டூப்ளிகேட் வாங்குவதா, மானம் போகும்" என்கிறார்கள். இரண்டு தரப்பும் நடுவில் இருக்கும் கவரிங்கை மறந்துவிடுகின்றன. கோல்ஃப் வரலாற்றைப் புரட்டினால், அந்த நடு ரகம்தான் இந்த ஆட்டத்தைச் சாமானியன் பக்கம் கொண்டு வந்தது என்பது தெரியும்.

அதற்கு முன் ஒரு கேள்வி வரும். கோல்ஃப் துரைமார் ஆட்டமாயிற்றே, அதில் நமக்கு என்ன வேலை?

வேலை இருந்தது. இன்றைய ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893இல் தொடங்கியபோது அதன் முதல் திடல் பெட்டாலிங் குன்றில் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் வாசிகளுக்கு அது கூப்பிடு தூரம். பிறகுதான் கிளப் இப்போதைய துன் ரசாக் சாலை இடத்துக்குப் பெயர்ந்தது. துரை அடித்த பந்தோ நம் ஆட்கள் கைபட்ட சரக்கு. 1848 வாக்கில் புழக்கத்துக்கு வந்த பந்து, மலாய்க் காட்டுத் தாபான் மரத்தின் பாலில் இருந்து செய்யப்பட்டது. 1898இல் அமெரிக்காவின் ஓஹாயோவில் கோபர்ன் ஹாஸ்கல் என்பவர் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் புதிய பந்து செய்தார். அது பழைய பந்தை ஓரங்கட்டியது. மலாயாவில் பெரிய ரப்பர் தோட்டங்கள் வைத்திருந்த டன்லப் நிறுவனமே கோல்ஃப் பந்தும் விற்றது. 1934 பிரிட்டிஷ் பொதுப் போட்டியில் ஹென்றி காட்டன் ஒரு சுற்றை 65 அடிகளில் முடித்த பிறகு, அந்த எண்ணையே பெயராக வைத்து 'டன்லப் 65' என்று ஒரு பந்து வந்தது. விடியற்காலையில் பால் மரம் சீவியவருக்கு அந்தப் பந்தைத் தொட என்ன வழி? ஒரே வழிதான். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு துரை பின்னால் நடப்பது. அந்த வேலைக்குக் கேடி என்று பெயர். (நம் பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருளை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டாம்!)

அந்த நடையில் ஆட்டத்தைக் கற்றவர்கள் நிறைய பேர். மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் போன்றவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாகி, மலேசியாவைப் பிரதிநிதித்து உலகக் கிண்ணப் போட்டிவரை போனது தோட்டத்துப் பையன்களுக்கெல்லாம் பெருமை. 1980, 90களில் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் கோல்ஃப் திடல்களாக மாறின. சுங்கை பீசியில் இருந்த மாபெரும் திறந்தவெளி ஈயச் சுரங்கம்தான் பின்னாளில் மைன்ஸ் ஆனது. இன்று வங்கி அதிகாரியும் லாரி நிறுவன முதலாளியும் பள்ளித் தலைமையாசிரியரும் சனிக்கிழமை காலையில் திடலில் நிற்கிறார்கள். மட்டை வாங்கும் கேள்வி நம் வீட்டுக் கேள்வியானது இப்படித்தான்.

சரி, மட்டைக்கு வருவோம். 'பெயர்' எப்போது வந்தது? ஸ்காட்லாந்தில் தொடங்க வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸில் டாம் ஸ்டூவர்ட் என்ற கொல்லர் இரும்பு மட்டைத் தலைகளை அடித்து, புகைக்குழாய் வடிவில் ஒரு சிறு முத்திரை குத்துவார். அதை வாங்கும் கிளப் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் மேலே குத்தி விற்பார்கள். ஆக, மட்டையில் இருக்கும் பெயர் ஒருவருடையது, உழைப்பு வேறொருவருடையது. நூறு ஆண்டுக்கு முன்பே அப்படித்தான். இன்று பெரும்பாலான பெரிய பெயர்களின் மட்டைத் தலைகள் தைவான் நிறுவனங்களின் ஆலைகளில், சீனாவிலும் வியட்நாமிலும் வார்க்கப்படுகின்றன என்று கேட்டு ஆச்சரியப்படுகிறவர்கள் ஸ்டூவர்ட்டை நினைத்துக்கொள்ளலாம்.

அசலுக்கும் நகலுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு மட்டையின் வரலாறு போதும். நார்வேயில் 1911இல் பிறந்த கார்ஸ்டன் சோல்ஹைம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். முதலில் செருப்புக் கடை வைத்திருந்தார். பிறகு ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளர். நாற்பது வயதைத் தாண்டித்தான் கோல்ஃப் பழகினார். பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை, 'பட்டர்' என்பார்களே, அதுதான் அவரைப் படுத்தியது. பந்து மட்டையின் நடுவில் படாமல் கொஞ்சம் விலகினாலும் தலை திரும்பிவிடும். பந்து வழி தவறும். பொறியாளர் மூளை வேலை செய்தது. எடையை நடுவில் குவிக்காமல் இரு முனைகளுக்கும் தள்ளி வைத்தார். தராசின் இரு தட்டுகளிலும் எடை இருந்தால் கம்பி லேசில் சுழலாது என்ற அதே கணக்கு. 1959இல் வந்த முதல் மட்டை பந்தில் பட்டதும் 'பிங்' என்று ஒலித்தது. அதுவே நிறுவனத்தின் பெயராகிவிட்டது.

1966 ஜனவரியில் இன்னொரு வடிவம் மனதில் உதித்தது. கையில் கிடைத்த இசைத்தட்டு உறை மேலேயே வரைந்துவிட்டார். என்ன பெயர் வைப்பது? மற்றவர்களின் மட்டைகளுக்கு இதுவே பதில் என்று மனைவி லூயிஸ் சொன்னார். பதில் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் அந்தச் சிறிய மட்டையில் இடம் கொள்ளவில்லை. "ஓர் எழுத்தை எடுத்துவிடுங்கள்" என்றார் அந்த அம்மா. 'ஆன்சர்' பிறந்தது. 1967இல் காப்புரிமை கிடைத்தது. 1969இல் ஜார்ஜ் ஆர்ச்சர் அந்த மட்டையோடு மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார்.

காப்புரிமைக்கு அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ஆயுள் 17 ஆண்டு. 1984இல் அது முடிந்தது. அதன்பின் உலகத்தில் உள்ள மட்டை நிறுவனங்கள் எல்லாம் அதே வடிவத்தில் உருட்டு மட்டை செய்து, தங்கள் பெயரைப் போட்டு விற்றன. யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. சட்டத்தின் பேரமே அதுதான். கண்டுபிடித்தவர் சில ஆண்டுகள் சம்பாதிக்கட்டும், பிறகு அது ஊருக்குப் பொது. இதுதான் கவரிங். நியாயமான நகல்.

சிக்கல் 1991க்குப் பின் தொடங்கியது எனலாம். கேலவே நிறுவனம், முதல் உலகப்போரின் ஜெர்மன் பீரங்கியின் பெயரை வைத்து 'பிக் பெர்த்தா' என்ற டிரைவரை விற்பனைக்கு விட்டது. பெரிய தலை, பந்து எங்கே பட்டாலும் ஓரளவு நேராகப் போகும். சாதாரண ஆட்டக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1995இல் டைட்டானியம் தலை வந்ததும் விலை எகிறியது. உடனே ஓர் எழுத்தை மாற்றி, ஒலியை ஒட்டிப் பெயர் வைத்த மட்டைகள் சந்தைக்கு வந்தன. கவரிங் கடையில் ஒரு கால், திருட்டுச் சந்தையில் ஒரு கால். அடுத்த படி, பெயரையும் முத்திரையையும் தொடர் எண்ணையும் அப்படியே பதித்த சுத்தப் போலி. தொல்லை பொறுக்காமல், சந்தையில் ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்க்கும் போட்டி நிறுவனங்களே 2004இல் போலிக்கு எதிராக ஒரே குழுவில் உட்கார்ந்தன. 2020இல் ஷாங்காயில் ஒரே நடவடிக்கையில் 1,20,000க்கும் மேற்பட்ட போலி கோல்ஃப் பொருள்களைப் போலீசார் கைப்பற்றினார்கள்.

நம் ஊர் கதையும் தெரிந்ததுதான். அறிவுச் சொத்து மீறலுக்காக அமெரிக்கா வைத்திருக்கும் கண்காணிப்புப் பட்டியலில் நீண்ட காலம் இருந்த மலேசியா 2012இல் அதிலிருந்து வெளியே வந்தது. ஆனாலும் சில ஆண்டுகளில், பெயர் கெட்ட சந்தைகள் என்று அந்நாடு வெளியிடும் தனிப் பட்டியலில் பெட்டாலிங் ஸ்திரீட் இடம்பிடித்தது. சட்டம் இல்லாமல் இல்லை. 1972லேயே வாணிப விவரிப்புச் சட்டம் வந்துவிட்டது. 2011இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி, போலி முத்திரையிட்ட சரக்கை விற்கும் தனிநபருக்குப் பொருள் ஒன்றுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு பையில் 14 மட்டை வைக்கலாம் என்பது கோல்ஃப் விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்!

"அதே ஆலையில் இருந்து பின்வாசல் வழியாக வந்த சரக்கு, தரம் ஒன்றுதான்" என்பது போலி விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வசனம். பாதி உண்மை இருப்பதால் எடுபடும் பொய் இது. ஆலைகள் அங்கே இருப்பது உண்மை. ஆனால் பெயருள்ள நிறுவனம் ஆலையிடம் வாங்குவது வெறும் உலோகத்தை மட்டுமா? இத்தனை கிராம், இத்தனை பாகை சாய்வு என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறது. தேறாத தலை கழிக்கப்படும். போலிக்கு அந்தச் சல்லடை கிடையாது. இரும்பு மட்டைகளில் ஒவ்வோர் எண்ணுக்கும் சாய்வு மூன்று நான்கு பாகை கூடிக்கொண்டே போக வேண்டும், நீளம் அரை அங்குலம் குறைய வேண்டும். அப்போதுதான் ஏழாம் எண்ணுக்கும் எட்டாம் எண்ணுக்கும் பத்துக் கஜ வித்தியாசம் கிடைக்கும். போலிப் பெட்டியில் இரண்டும் ஒரே தூரம் போனால் என்ன செய்வது? ஆட்டக்காரர் தன் கையைத்தான் நொந்துகொள்வார். மட்டையின் பிழைக்கு மனிதன் தன் உடம்பைத் திருத்தப் பார்ப்பான். ஆறு மாதப் பயிற்சி பாழ். தண்டு வெடித்து முறிந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது. டைட்டானியம் என்று சொல்லி விற்கும் டிரைவரின் தலையில் குளிர்பதனப் பெட்டிக் கதவுக் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை. அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. தொடர் எண்ணைக் கொண்டு நிறுவனத்திடமோ அதன் அங்கீகாரம் பெற்ற கடையிலோ விசாரிப்பதே உறுதியான வழி.

அப்படியானால் கிள்ளானில் மாதச் சம்பளம் வாங்கும் ஓர் இளைஞர் என்ன செய்வார்? புது அசல் கட்டுப்படியாகாது. அதற்காகப் போலியிடம் போக வேண்டியதும் இல்லை. தன் சொந்தப் பெயரில் விற்கும் சிறு நிறுவன மட்டை இருக்கிறது. தலை, தண்டு, பிடி மூன்றையும் தனித்தனியாக வாங்கி, ஆள் உயரத்துக்கு ஏற்பப் பொருத்தித் தரும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். நான்கைந்து ஆண்டு பழைய அசல் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். மட்டை மீன் இல்லையே, நாள்பட்டால் கெட்டுப்போக! ஒன்றை மட்டும் கேட்டு வாங்க வேண்டும்: ரசீது. அசல் என்று சொல்லிப் போலியைக் கட்டிவிட்டால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, ரசீது தேவை.

1999 நவம்பரில் சுங்கை பீசி மைன்ஸில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. பழைய ஈயச் சுரங்கத்தின் கரையில் டைகர் வுட்ஸும் மார்க் ஓமேராவும் அமெரிக்காவுக்காக ஆடிக் கிண்ணத்தை வென்றார்கள். வுட்ஸ் அந்த ஆண்டு பயன்படுத்தத் தொடங்கிய உருட்டு மட்டையில் இருந்தது ஸ்காட்டி கேமரன் என்ற பெயர். அவருடைய பதினைந்து பெரும் பட்டங்களில் பதினான்கு அந்த மட்டையோடு வந்தவை. அதன் வடிவம் மட்டும் 1966இல் ஓர் இசைத்தட்டு உறையில் வரைந்த அதே ஆன்சர் வடிவம். அதை வரைந்த சோல்ஹைம் அப்போது உயிரோடுதான் இருந்தார். 2000 பிப்ரவரியில் காலமானார்.