ஒத்தடமும் மசாஜும் எப்போது நிவாரணம், எப்போது ஆபத்து?

பெங்களூரு: முடி வெட்டச் சென்ற இடத்தில் இலவசமாகக் கிடைத்த தலை மசாஜ், கர்நாடக மாநிலம் பெல்லாரியைச் சேர்ந்த 30 வயதுத் தொழிலாளி ஒருவருக்குப் பக்கவாதத்தை ஏற்படுத்தியது. முடிதிருத்துபவர் கழுத்தைத் திடீரெனத் திருப்பி நெட்டி முறித்தபோது அவருக்குக் கடும் வலி உண்டானது. பின்னர் பேச்சு பாதிக்கப்பட்டு, உடலின் இடது பக்கம் பலவீனமடைந்தது. கழுத்துத் தமனி கிழிந்து மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைந்ததே காரணம் என மருத்துவர்கள் கண்டறிந்தனர். அவர் குணமடையச் சுமார் இரண்டு மாதங்கள் ஆயின. 2024 செப்டம்பரில் இச்செய்தி வெளியானது.

மசாஜ், சூடான ஒத்தடம், ஐஸ் ஒத்தடம் ஆகிய மூன்றும் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தின் மிகப் பழைய கருவிகள். செலவு குறைவு என்பதால் இவற்றுக்குப் பக்க விளைவே இல்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர், சிகிச்சையைத் தொடங்கும் முன்பு இது யாருக்குச் செய்யக்கூடாது என்றுதான் முதலில் பார்ப்பார்.

சூடு தெரியாத தோல்

வெப்பம் ரத்த நாளங்களை விரிவடையச் செய்து தசை இறுக்கத்தைத் தளர்த்துகிறது. நாள்பட்ட முதுகு வலி, மூட்டு விறைப்பு ஆகியவற்றுக்கு இது பலன் தரும். அடிபட்ட முதல் இரண்டு நாட்களில் இதே செயல்பாடு ரத்தக் கசிவையும் வீக்கத்தையும் அதிகரித்துவிடும்.

அதிக ஆபத்தில் இருப்பவர்கள் நீண்ட கால சர்க்கரை நோயாளிகள். நரம்புகள் பாதிக்கப்பட்டுப் பாதம் மரத்துப்போனவர்களுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. கொப்புளத்தைக் கண்ட பிறகே காயத்தை அறிவார்கள். அந்தக் காயம் ஆறவும் நாளாகும். இதனால் சிகிச்சை மையங்களில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் நிரப்பிய இரு சோதனைக் குழாய்களைத் தோலில் மாற்றி மாற்றி வைத்து, நோயாளியால் வேறுபாட்டை உணர முடிகிறதா எனச் சோதிக்கின்றனர். உணர முடியாத இடத்தில் ஒத்தடம் தருவதில்லை. வீட்டில் ஒத்தடம் கொடுக்கும்போது, உணர்வு குன்றாத வேறொருவர் சூட்டைத் தொட்டுப் பார்ப்பது அவசியம்.

மையங்களில் பயன்படுத்தும் வெப்பப் பைகள் 70 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீரில் சூடாக்கப்படுகின்றன. அவற்றை ஆறு முதல் எட்டு மடிப்புத் துண்டால் சுற்றி, 15 முதல் 20 நிமிடங்கள் வரை வைக்கின்றனர். ஐந்து நிமிடங்களில் ஒருமுறை பையை விலக்கித் தோலைப் பார்க்கின்றனர். சீரான இளஞ்சிவப்பு நிறம் இயல்பானது. திட்டுத் திட்டான சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். பையின் மீது படுப்பது தவறு. உடல் எடை அழுத்துவதால் ரத்த ஓட்டம் குறைந்து, வெப்பம் அதே இடத்தில் தேங்கிவிடும். வலி நிவாரணத் தைலம் தடவிய இடத்தில் சூடு வைப்பதும், வெந்நீர்ப் பையோடு உறங்கிவிடுவதும் தீக்காயங்களுக்குக் காரணமாகின்றன.

ஐஸ் எவ்வளவு நேரம்?

காயத்துக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற விதியை 1978-ல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பிற்காலத்தில் அவரே, நீண்ட நேர ஐஸ் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தமது கருத்தை மாற்றிக்கொண்டார். தற்போது வலியைக் குறைக்கக் குறுகிய நேரம் ஐஸ் வைப்பதே பொதுவான நடைமுறை. ஈரத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடங்கள் போதுமானது. முழங்காலின் வெளிப்புறத்தில் நரம்பு தோலுக்கு மிக அருகில் செல்வதால், அங்கு நெடுநேரம் ஐஸ் கட்டினால் பாதத்தைத் தூக்க முடியாத நிலை ஏற்படலாம். குளிர் ஒவ்வாமை உள்ளவர்களும், குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாயும் ரேனாட் நோய் உள்ளவர்களும் ஐஸ் ஒத்தடத்தைத் தவிர்க்க வேண்டும்.

மசாஜ் கூடாத கால்

கணுக்காலில் அடிபட்டு மாவுக்கட்டு போட்டிருந்த டெல்லி இளைஞர் ஒருவருக்கு, கட்டுப் பிரித்த பிறகும் காலில் வலி நீடித்தது. தாய் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்தார். காலின் ஆழ்நாளத்தில் இருந்த ரத்த உறைவு பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்ததால் இளைஞர் உயிரிழந்தார். எய்ம்ஸ் தடயவியல் மருத்துவர்கள் ஆவணப்படுத்திய இச்சம்பவம் 2017-ல் வெளியே தெரியவந்தது.

மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை, நீண்ட பயணம் ஆகியவற்றுக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால், மசாஜ் செய்யாமல் ஸ்கேன் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். எலும்பு முறிவு, தொற்று, புற்றுநோய்க் கட்டி உள்ள இடங்களில் மசாஜ் கூடாது. ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அழுத்தமான மசாஜ் செய்துகொள்ளக் கூடாது.

நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து பணியாற்றுவோர் நிறைந்த பெங்களூருவில் கழுத்து வலிக்கு சலூன், ஸ்பா மசாஜை நாடுவோர் பலர். அங்கு பணிபுரிவோர் இயன்முறை மருத்துவர்கள் அல்லர். இயன்முறை மருத்துவம், 2021-ஆம் ஆண்டின் தேசிய இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் கல்வித் தகுதி வரையறுக்கப்பட்ட தொழிலாகும். சிகிச்சை அளிப்பவரிடம் அவரது பட்டத்தைக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

கழுத்து மசாஜுக்குப் பின் தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் தளர்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி, பொதுவாக அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தப்படுகிறது.