குக்குரியை அடித்தவர் யார்?

முக்திநாத் யாத்திரை போய்வருகிறவர்கள் சாளக்கிராமம், ருத்ராட்சத்தோடு காத்மாண்டுவின் தாமேல் கடைவீதியிலிருந்து ஒரு குக்குரியும் வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. நம் குடியிருப்பிலும் சில வீடுகளின் வரவேற்பறைச் சுவரில் அதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது சுவரிலேயே இருக்கவேண்டிய கத்திதான். பளபளப்பான அலகு, பித்தளைச் சிங்கத்தலைப் பிடி, உறையில் வண்ணக் கற்கள் எல்லாம் இருக்கும்; ஒரு இளநீரைச் சீவினால் பிடி ஆட ஆரம்பித்துவிடும்.

வேலைக்கான குக்குரி வேறு. நேபாள மலைக்கிராமத்தில் அது ஆயுதம் என்பதைவிட வீட்டுச் சாமான். விறகு பிளக்க, மூங்கில் சீவ, மாட்டுக்குத் தழை வெட்ட, இறைச்சி நறுக்க எல்லாவற்றுக்கும் அதுவே. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி கிர்க்பாட்ரிக் 1793-இல் நேபாளம் சென்றுவந்து எழுதி, 1811-இல் வெளியான புத்தகத்திலேயே, மரக்கிளை வெட்டுவதுதான் இந்தக் கத்தியின் முக்கிய வேலை என்று சொல்லிவிட்டார். 'உறையைவிட்டு எடுத்தால் ரத்தம் பார்க்காமல் திரும்ப வைக்கக்கூடாது' என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது வெறும் கதை. அப்படியானால் தினமும் காய்கறி நறுக்குகிறவர்கள் பாடு என்ன ஆவது?

இதன் சூட்சுமம் வடிவத்தில் இருக்கிறது. அலகு பாதியில் முன்பக்கமாகச் சாய்ந்து, வயிற்றுப் பகுதியில் அகன்று, பிறகு நுனிக்குக் கூராகிறது. எடை முன்னால் இருப்பதால் வீசும்போது கத்தியே பாதி வேலையைச் செய்துவிடும். கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர் பெயரால் வழங்கும் 'போஜ்புரே' அகலமானது, கனமானது. 'சிருபாத்தே' சிரு என்ற புல்லின் இலைபோல ஒல்லியானது. பிடிக்கு அருகே அலகில் 'கௌடி' என்ற சிறு வெட்டு இருக்கும். அது பசுவின் குளம்பு, சிவனின் திரிசூலம், ரத்தம் பிடிக்கு வழியாமல் தடுப்பது என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அலெக்சாண்டரின் படையோடு வந்த கிரேக்க வாளிலிருந்து பிறந்தது குக்குரி என்பவர்களும் உண்டு. வடிவ ஒற்றுமையைத் தவிர அதற்கு ஆதாரம் கிடையாது. காத்மாண்டு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள மிகப் பழைய குக்குரிகளில் ஒன்று, 1559-இல் கோர்க்காவைப் பிடித்த திரவ்ய ஷா மன்னருடையது என்று சொல்லப்படுகிறது.

நல்லதையும் மட்டமானதையும் எப்படிப் பிரித்தறிவது? பட்டறையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் சுலபம். இன்று பெரும்பாலான நல்ல குக்குரிகள் பழைய லாரி, ஜீப்புகளின் பட்டை ஸ்பிரிங்கிலிருந்து பிறக்கின்றன. துண்டை உலையில் பழுக்கக் காய்ச்சி, இரண்டு மூன்று பேர் மாறிமாறிச் சம்மட்டியால் அடித்து வடிவம் கொண்டுவருவார்கள். கடைசியில் வருவதுதான் உயிரான கட்டம். சிவந்த அலகை அப்படியே தண்ணீருக்குள் முக்குவதில்லை. கெண்டியிலிருந்து வெட்டும் விளிம்பின் மேல் மட்டும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமாகும். முதுகு மெல்ல ஆறி மென்மையாக நிற்கும். விளிம்பு கூரைத் தாங்கும், முதுகு அதிர்ச்சியைத் தாங்கும். எவ்வளவு சிவந்திருக்கும்போது ஊற்றுவது, எங்கே நிறுத்துவது என்பதற்குக் கொல்லரின் கண்தான் அளவுகோல்.

ஆகவே கடையில் பளபளப்பைப் பார்க்காதீர்கள். விளிம்பில் ஓர் அரத்தை லேசாக ஓட்டச் சொல்லுங்கள். நல்ல குக்குரியில் அரம் விளிம்பில் வழுக்கும், முதுகில் பிடிக்கும். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். பிடிக்குள் போகும் வால் முழு நீளத்துக்கும் சென்று பின்முனையில் மடித்து அடிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பாதியிலேயே நின்று அரக்கு போன்ற பிசினால் ஒட்டப்பட்டிருந்தால் அதை விட்டுவிடலாம். உறையில் கூடவே இரண்டு குட்டிக் கருவிகள் செருகியிருக்கும்: சில்லறை வேலைக்குக் 'கர்தா', கூர் தட்டவும் நெருப்புப் பொறி எழுப்பவும் மழுங்கலான 'சக்மக்'. இந்த இரண்டும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் பெரிய கத்தியும் அநேகமாக ஒழுங்காகத்தான் இருக்கும். கைவேலையில் சுத்தியல் தடமும் லேசான கோணலும் இருப்பது இயல்பு. என்னைக் கேட்டால், கண்ணாடி போல மின்னுவதைவிட அதைத்தான் எடுப்பேன்.

உலகம் குக்குரியைத் தெரிந்துகொண்டது போரால். 1814-இல் டேராடூன் பக்கத்து நாலாபானிக் கோட்டையில் பலபத்ர குன்வர் தலைமையில் பெண்கள், குழந்தைகள் உட்பட சுமார் 600 பேர், பீரங்கிகளோடு வந்த கம்பெனிப் படையை ஒரு மாதம் தடுத்து நிறுத்தினார்கள். தளபதி கில்லெஸ்பி அங்கேயே உயிரிழந்தார். எதிரியின் வீரத்துக்கும் சேர்த்தே ஆங்கிலேயர் அங்கே நினைவுத்தூண் எழுப்பினார்கள். 1815-இலேயே கூர்க்கா பட்டாளங்களைத் திரட்டத் தொடங்கிவிட்டார்கள். 1947-இல் பத்து ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கு வந்தன, நான்கு பிரிட்டனுக்குப் போயின. ஊர்ப்பெயரான கோர்க்கா இப்படித்தான் படைப்பெயராகி, நம் தெருவில் இரவுக் காவலரைக் குறிக்கும் சொல்லாகவும் ஆனது.

வீரருக்குத் தூண் எழுந்தது. அந்தக் கத்தியை அடித்தவர் கதை வேறு. குக்குரி செய்பவர்கள் 'காமி' என்ற கொல்லர் சமூகத்தார். இன்று பலர் விஸ்வகர்மா என்று பெயரோடு சேர்த்துக்கொள்கிறார்கள். ஜங்பகதூர் ராணா 1854-இல் கொண்டுவந்த முலுகி ஐன் சட்டம் அவர்களைத் தீண்டத்தகாதோர் வரிசையில் வைத்தது. அவர்கள் கைபட்ட தண்ணீரை மேல்சாதியார் குடிக்கக்கூடாது. தசைன் பண்டிகையில் தெய்வத்தின் முன் வைத்துப் பூஜிக்கும் குக்குரி அவர்கள் அடித்தது. அவர்களுக்கு மட்டும் கோயில் வாசல் மூடியிருந்தது. கூலியும் காசாக வராது. வருஷம் முழுக்க ஒரு வீட்டின் அரிவாள், கொழு, குக்குரி எல்லாவற்றையும் செய்து, செப்பனிட்டுக் கொடுத்தால் அறுவடைக்குப் பிறகு தானியம் அளப்பார்கள். இதற்குப் 'பாலி' முறை என்று பெயர். பட்டாளத்திலும் காமிகளைப் பெரும்பாலும் பட்டறை வேலைக்குத்தான் எடுத்தார்கள். போரிடும் வரிசைக்கு மகர், குரூங், ராய், லிம்பு இனத்தாரையே ஆங்கிலேயர் தேடினார்கள்.

1963-இல் வந்த புதிய முலுகி ஐன் தீண்டாமைக்கான சட்ட ஆதரவை நீக்கியது. 2011-இல் தீண்டாமையைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே வந்தது. ஊர்ப் பழக்கம் சட்டத்தின் வேகத்தில் மாறவில்லை. நேபாளத்தின் மற்ற இளைஞர்களைப் போலவே கொல்லர் வீட்டுப் பிள்ளைகளும் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அப்பாவின் தொழில் அப்பாவின் சாதியையும் சேர்த்தே அடையாளம் காட்டும் ஊரில், அவர்கள் போவதைக் குறைசொல்ல நமக்கு என்ன இருக்கிறது?

பாரம்பரியம், நூறாண்டுப் பழமை என்றெல்லாம் விற்பனையாளர் அடுக்கும்போது, இதை அடித்தவர் எந்த ஊர், யார் என்று கேட்டுப் பாருங்கள். போஜ்பூர், தரான் என்று ஊரும் ஆளும் சொல்ல முடிந்த கடையில் விலை கூடுதலாக இருக்கும், அங்கேயே வாங்குங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை, பெரிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அலகில் லேசாக எண்ணெய் தடவுங்கள், நம் ஊர் ஈரக்காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். உருவும்போது உறையை முதுகுப் பக்கமாகப் பிடியுங்கள். கூர்ப் பக்கத்தில் விரல் சுற்றியிருந்தால் அலகு உறைத் தையலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.