ஓட்டகார் வென்றிருந்தால்

1278ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள். வியன்னாவுக்கு வடகிழக்கே, மொராவா ஆற்றை ஒட்டிய சமவெளியில், துர்ன்க்ரூட், யேடன்ஸ்பைகன் என்னும் இரு சிற்றூர்களுக்கு இடையே இரண்டு மன்னர்களின் படைகள் மோதின. ஒருபுறம் பொஹீமியா எனப்படும் செக் நாட்டின் மன்னன் இரண்டாம் பிரெமிஸ்ல் ஓட்டகார். மறுபுறம் ஜெர்மானிய அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹாப்ஸ்பர்க் குடியின் ருடால்ஃப்; அவனுக்குத் துணையாக ஹங்கேரி மன்னன் நான்காம் லாதிஸ்லாஸும், அவனுடைய குமானிய வில்லாளரும். போரின் நடுவே ருடால்ஃப் குதிரையினின்று வீழ்ந்தான். அவனுடைய வீரன் ஒருவன் விரைந்து காத்திராவிடில் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். வெற்றி எவர் பக்கம் என்று சொல்லவியலாத அவ்வேளையில், மறைத்து வைக்கப்பட்டிருந்த சிறு குதிரைப்படை ஒன்று செக் படையின் பக்கவாட்டில் பாய்ந்தது. மறைந்திருந்து தாக்குவது வீரர்க்கு இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. அப்படைக்குத் தலைமை ஏற்ற உல்ரிக் ஃபொன் கப்பெலன் அதன்பொருட்டுத் தன் தோழரிடம் பொறுத்தருள வேண்டினான் என்பர். செக் அணிகள் குலைந்தன. ஓட்டகார் கொல்லப்பட்டான்.

அச்சிறு படை சற்றே காலந்தாழ்த்தியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வீண் கற்பனை என்று ஒதுக்கத்தக்க வினா அன்று இது. ஓட்டகாரின் பேரரசு வெறுங்கனவாக இருந்ததில்லை. கால் நூற்றாண்டுக் காலம் அது மண்ணில் நின்றது. 1251இல் ஆஸ்திரியா அவன் கைக்கு வந்தது. அவ்வுரிமையை உறுதி செய்துகொள்ளத் தன்னினும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மூத்த பாபன்பர்க் குடி மார்கரெட்டை மறு ஆண்டே மணந்தான். 1255இல் பிரஷ்யச் சிலுவைப் போருக்குச் சென்றபோது, அவனைச் சிறப்பிக்கும் வகையில் பால்டிக் கடற்பகுதியில் எழுந்த கோட்டைக்கு 'அரசன் மலை' எனப் பொருள்படும் கோனிக்ஸ்பர்க் என்ற பெயர் சூட்டப்பட்டது. இன்றைய கலினின்கிராடு அது. 1260இல் ஹங்கேரியின் நான்காம் பேலாவை வென்று ஸ்டைரியாவைப் பெற்றான். 1269இல் கரிந்தியாவும் கார்னியோலாவும் சேர்ந்தன. அவன் ஆட்சி அட்ரியாட்டிக் கடலை எட்டியது. 'இரும்பும் பொன்னும் ஆன மன்னன்' என்று உலகம் அவனை அழைத்தது. இரும்பு படை, பொன் எனப்பட்டது உண்மையில் யிஹ்லாவா சுரங்கங்களின் வெள்ளி.

1273இல் ஜெர்மானியத் தேர்வுரிமை இளவரசர்கள் இத்தகைய வலியோனை ஒதுக்கி, அவனோடு ஒப்பிட எளியவனான ருடால்ஃபைத் தேர்ந்ததில் வியப்பில்லை. அத்தேர்வை ஏற்க மறுத்த ஓட்டகார், 1276இல் தன் நாட்டுப் பெருங்குடியினரே கிளர்ந்தெழ, பொஹீமியாவும் மொராவியாவும் ஒழிந்த யாவற்றையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இழந்ததை மீட்கவே ஈராண்டு கழித்து அச்சமவெளிக்கு வந்தான்.

அவன் வென்றிருந்தால் ஆஸ்திரியாவும் ஸ்டைரியாவும் மீண்டும் அவனுடையனவாகியிருக்கும். 1282இல் தன் மைந்தர்க்கு அந்நாடுகளை வழங்கும் வாய்ப்பு ருடால்ஃபுக்கு இருந்திருக்காது. 1918வரை வியன்னாவில் வீற்றிருந்த அக்குடி, ஸ்வாபிய நிலக்கிழார் குடியாகவே நின்றிருக்கக்கூடும். 1526இல் செக் அரியணையில் அது ஏறியதும், 1620இல் வெள்ளை மலைப் போரில் செக் மேன்மக்கள் அழிந்ததும், அதன்பின் செக் மொழி நெடுங்காலம் தாழ்வுற்றதும் நிகழாதிருந்திருக்கலாம். செக் தேசியவாதிகள் இப்போரை எண்ணி வருந்தியதன் காரணம் இதுவே.

ஆயினும் இங்கே ஓர் ஐயம் எழுகிறது. அரசு வென்றால் மொழியும் வெல்லும் என்பதற்கு ஓட்டகாரின் அவை சான்று தருகிறதா? அவன் தந்தை காலத்திலேயே பிராகு அரண்மனையில் ரைன்மார் ஃபொன் ட்ஸ்வேட்டர் ஜெர்மன் மொழியில் பாடினார். ஓட்டகாரைப் புகழ்ந்த ஸீகெஹர் பாடியதும் ஜெர்மனில்தான். அலெக்சாந்தர் காவியத்தை அவன் காலத்தில் தொடங்கிய உல்ரிக் ஃபொன் எட்சன்பாகும் ஜெர்மன் கவிஞரே. 1257இல் பிராகு கோட்டையின் அடிவாரத்திலிருந்த செக் குடிகளை அகற்றிவிட்டு அங்கே ஜெர்மானியரைக் குடியேற்றியவன் இதே ஓட்டகார். பின்னாளில் ஹாப்ஸ்பர்க் குடியின் உறைவிடமான வியன்னா ஹோஃப்புர்க் அரண்மனையின் மிகப் பழைய பகுதியும் அவன் காலத்தில் தொடங்கப்பெற்றதே. இறுதிப் போருக்குமுன் போலந்து இளவரசரின் துணையை நாடி, மொழியுறவையும் இனவுறவையும் சுட்டி எழுதப்பட்ட மடல் ஒன்று கிடைக்கிறது. அது இலத்தீனில் அமைந்தது; வரைந்தவர் ஹென்றி என்னும் இத்தாலியர் என்று கருதப்படுகிறது.

ஆகவே அவன் வென்றிருப்பின், வியன்னாவிலிருந்து ஆளும் செக் அரசனொருவன் ஜெர்மன் கவிஞர்க்குப் பரிசில் வழங்கும் காட்சியே நீண்டிருக்கும் என்று கருத இடமுண்டு. செக் மொழி உழவர் வாயிலும் சிற்றூர்க் கோயில்களிலும் தங்கியிருக்கும்.

நடந்ததோ வேறு. ஏழு வயதான இளவரசன் இரண்டாம் வென்செஸ்லாஸுக்குக் காப்பாளனாக வந்த பிராண்டன்பர்க் ஓட்டோ 1283வரை நாட்டைச் சூறையாடினான், பஞ்சமும் சேர்ந்துகொண்டது. அத்துயர் மக்கள் நினைவில் ஆறாது நின்றது. 1300ஐ ஒட்டி அலெக்சாந்தரின் கதை செக் மொழியில் செய்யுளாயிற்று. அடுத்த பத்தாண்டுகளில், தலிமில் வரலாறு என்று பிற்காலம் பெயரிட்ட நூல், நாட்டின் கதை முழுவதையும் செக் செய்யுளில் சொன்னது. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் அயலார்மீதான கசப்பு தெரிகிறது. நயத்தைவிடச் சினமே மிகுந்த நூல் அது. எனினும் அச்சினம் தன் சொந்த மொழியில் பேசிற்று.

வென்செஸ்லாஸ் தந்தையின் இழப்பை வேறு திசையில் ஈடுசெய்தான். குட்னா ஹோராவின் வெள்ளியால் பிராகு குரோசன் என்னும் நாணயத்தை வெளியிட்டான். 1300இல் போலந்தின் முடியையும் சூடினான். மகனுக்கு ஹங்கேரியின் முடியைப் பெற்றுத் தந்தான். அம்மகன் 1306இல் ஒலொமோட்ஸ் நகரில் கொலையுண்டபோது பிரெமிஸ்ல் மரபின் ஆண்வழி அற்றது. சமவெளிப் போரில் வென்றிருந்தாலும் இந்தக் கத்தி ஒரு தலைமுறை கழித்துக் காத்திருந்திருக்குமோ, யார் அறிவார்?

ருடால்ஃபையும் ஓட்டகாரையும் தூய்மையுறும் உலகில் அருகருகே அமர்த்தி, ஓட்டகார் ருடால்ஃபைத் தேற்றும் நிலையில் காட்டினார் தாந்தே. தொட்டில் பருவத்து ஓட்டகாரே தாடி முளைத்த மகனினும் மேலானவன் என்று வென்செஸ்லாஸை அவர் இகழவும் செய்தார். தாம் இகழ்ந்தவன் ஒரு கவிஞன் என்பதை அவர் அறிந்தாரோ இல்லையோ. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரிக் நகரில் தொகுக்கப்பட்ட மானெஸே சுவடியின் முன்பகுதியில், அரியணையில் அமர்ந்த கோலத்தில் பொஹீமிய மன்னனின் ஓவியம் உள்ளது. அருகே அவன் பெயரால் மூன்று காதற்பாடல்கள். அவற்றைப் பாடியவன் இந்த வென்செஸ்லாஸே என்பது பெரும்பாலோர் கருத்து. மூன்றும் ஜெர்மன் மொழியில் உள்ளன.