கூடவே இருந்தவர்கள்

2006 ஜனவரி 29 அன்று ஈராக்கில் சாலையோரக் குண்டு ஒன்று வெடித்தது. கவச வண்டியின் மேலே தலை தெரிய நின்று செய்தி சொல்லிக்கொண்டிருந்த, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியைச் சேர்ந்த பாப் உட்ரஃப் சாய்ந்தார். மண்டையோட்டின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால்தான் உயிர் தங்கும் என்ற நிலை. 36 நாள் கழித்து மேரிலாந்தின் பெதஸ்தா கடற்படை மருத்துவமனையில் கண் விழித்தார். ஆனால் சொற்கள் பிடிபடவில்லை; சொந்தப் பிள்ளைகளின் பெயரே தடுமாறியது. நான்கு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, கணவருக்கு மறுபடி பேச்சுப் பழக்க வேண்டிய பொறுப்பு மனைவி லீக்கு.

உட்ரஃப் நாடறிந்த முகம். அதே நிலையில் கிடந்த சிப்பாய்களையும் அவர்களுடைய மனைவி, தாய்மார்களையும் நாடு அதுவரை திரும்பிப் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு உட்ரஃப் தன் கதையோடு அவர்கள் கதையையும் தொலைக்காட்சியில் சொன்னார். மூளைக்காயம் என்றால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று பலருக்கும் அப்போதுதான் புரிந்தது.

அமெரிக்கா இந்தக் குடும்பங்களை அறியவே அறியாது என்று சொல்லிவிட முடியாது. உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டே, 1866இல், எப்போதும் பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்படும் வீரருக்கு மாதம் 25 டாலர் ஓய்வூதியம் தரச் சட்டம் வந்துவிட்டது. பணம் வீரருக்கு. பக்கத்தில் இருக்கும் அந்த ஆள் யார், அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று சட்டம் கேட்கவில்லை. அடுத்த ஒன்றரை நூற்றாண்டும் பெரும்பாலும் இதே பார்வைதான். ஊட்டிவிடுவதும் உடுத்திவிடுவதும் தூக்கி உட்காரவைப்பதும் உதவிக் கணக்கில் ஏறின.

மூளைக்காயம் அந்தக் கணக்குக்குள் அடங்காது. காயம்பட்டவருக்குக் கை கால் நன்றாக இருக்கும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவார். காலையில் போட்ட மாத்திரையை அரைமணி கழித்து மறுபடி போடப் போவார். குக்கர் விசில் அடித்தால் திடுக்கிட்டுக் கத்துவார். கடைக்குப் போனால் கையில் இருக்கும் பணமெல்லாம் போய்விடும். வந்து பார்க்கும் உறவினர், “ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்” என்று மனைவியிடமே சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சொல் காயத்தைவிடக் கொடியது. அவள் நாள் முழுக்கச் செய்வது கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது. அதை வேலை என்று எந்தப் படிவமும் ஒப்புக்கொள்ளவில்லை.

2007இல் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், சிகிச்சையைத் தொடரும் வீரர்கள் பூஞ்சை பிடித்த கட்டடத்தில் தங்கவைக்கப்பட்ட செய்தியை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட, நாடே கொதித்தது. முன்னாள் செனட்டர் பாப் டோல், முன்னாள் அமைச்சர் டோனா ஷலாலா இருவரின் தலைமையில் அதிபர் புஷ் ஒரு குழு அமைத்தார். காயம்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்காக, குடும்பத்திலோ நட்பிலோ ஒருவர் வேலையை விட்டிருந்தது குழுவின் ஆய்வில் தெரிந்தது. இதன் பிறகே, காயமுற்ற வீரரைக் கவனிக்கும் உறவினருக்கு 26 வாரம் வரை விடுப்பு தர 2008இல் சட்டம் இடம் கொடுத்தது. சம்பளமில்லா விடுப்புதான். வேலையாவது கையில் நின்றது.

பெரிய திருப்பம் 2010 மே 5 அன்று. அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், கவனிக்கும் குடும்பத்தாருக்கு நேரடியாக மாத உதவித்தொகை, பயிற்சி, மருத்துவக் காப்பீடு, மனநல ஆலோசனை, அவர்கள் ஓய்வெடுக்க மாற்று ஆள் என்று வகைசெய்தது. நரம்பியல் பாதிப்பால் ஒருவருக்குக் கண்காணிப்பும் பாதுகாப்பும் தேவைப்பட்டால் அதுவே தகுதி என்றும் எழுதியது. என்னைக் கேட்டால், தொகையைவிடப் பெரிது இந்த வரிதான். அடுப்பைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்த பெண்ணைச் சட்டம் முதன்முறையாகக் கண்டது.

ஆனால் 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு காயம்பட்டவர்களுக்கு மட்டும். வியட்நாமில் தலையில் குண்டு பாய்ந்த கணவனை முப்பது, நாற்பது ஆண்டுகள் தனியே தாங்கி, தானும் முதுமையில் தளர்ந்த மனைவிக்கு ஒன்றுமில்லை. போரின் தேதியை வைத்துத் துயரத்தைப் பிரித்தது அநியாயம். முன்னாள் வீரர் சங்கங்கள் அதைச் சொல்லிச் சொல்லியே, இந்த உதவியை மற்றவர்களுக்கும் நீட்டிக்கும் மிஷன் சட்டத்தை 2018இல் பெற்றன. 1975 மே 7 வரை பணியில் காயமுற்றவர்களின் குடும்பங்களுக்கு 2020 அக்டோபரிலும், இடையில் விடுபட்டவர்களுக்கு 2022 அக்டோபரிலும் கதவு திறந்தது. காத்திருந்த காலத்தில் கணவரைப் புதைத்துவிட்டவர்களுக்கு அது பயன்படவில்லை.

உள்ளே வந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. முன்னாள் வீரர்களுக்கான சில மருத்துவமனைகள் பலரைத் திட்டத்திலிருந்து திடீரென நீக்கியதாக எழுந்த புகாரால் 2017இல் நீக்கங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 2020இல் தகுதி விதிகள் இறுக்கப்பட்டு மறுமதிப்பீடு தொடங்க, பழைய பயனாளிகள் பலர் தகுதியிழக்கும் நிலை வந்ததும் 2022இல் அதையும் அரசு நிறுத்தியது. ஒவ்வொரு மறுமதிப்பீட்டிலும் மனைவி அதிகாரியின் முன் உட்கார்ந்து, கணவர் எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்று அவர் காதுபடவே விவரிக்க வேண்டியிருந்தது. நேற்றுவரை “நீங்கள் தேறிவருகிறீர்கள்” என்று அவருக்குத் தைரியம் சொன்ன அதே வாயால்.