சாம் தம்பிமுத்து: படுவான்கரையிலிருந்து நாடாளுமன்றம் வரை

மட்டக்களப்பின் அரசியல் வரலாற்றை எழுதுவோர் சட்டத்தரணி சாம் தம்பிமுத்துவை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அது நியாயமன்று என்பது என் கருத்து.

எண்பதுகளில் வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களில் சுற்றிவளைப்பு நடந்தால், தாய்மார் தோணியேறிப் பட்டணம் வந்து பிரஜைகள் குழுவைத்தான் தேடினர். அக்குழுவின் முக்கியஸ்தர்களில் ஒருவர் அவர். 1987 ஜனவரி 28இல் கொக்கட்டிச்சோலைப் பகுதியில், மகிழடித்தீவு இறால் பண்ணை ஊழியர்கள் உட்படப் பலர் விசேட அதிரடிப்படையினரால் கொல்லப்பட்டபோது, அச்செய்தியை வெளியுலகறியச் செய்தது அந்தக் குழுவே.

1989 பெப்ரவரித் தேர்தலில் அவர் தமிழர் விடுதலைக் கூட்டணிப் பட்டியலில், ஈ.பி.ஆர்.எல்.எப். சார்பில் நாடாளுமன்றம் சென்றார். இந்தியப் படையின் நிழலில் நடந்த தேர்தல் அது. எந்தத் துப்பாக்கிக்கும் சாராதிருந்ததே பிரஜைகள் குழுவின் பலம். அதைக் கைவிட்டு ஓர் இயக்கத்தின் பக்கம் நின்றதை என்னால் இன்றும் ஏற்க இயலவில்லை. எனினும் அதற்கு அவர் கொடுத்த விலை மிகக் கொடியது.

1990 மார்ச் 24இல் இந்தியப் படை வெளியேறியது. மே 7ஆம் திகதி, கொழும்பில் கனேடிய உயர்ஸ்தானிகராலயத்தின் முன்பாக அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் சுடப்பட்ட மனைவி கலாவும் பின்னர் உயிரிழந்தார். புலிகளே கொன்றனர் எனப் பரவலாக நம்பப்பட்டது. வெற்றிடத்துக்கு வந்த ஜோசப் பரராஜசிங்கமும் 2005 நத்தார் நள்ளிரவு ஆராதனையில், மரியாள் தேவாலயத்துள் சுடப்பட்டார்.

தம்பிமுத்து இறந்து நான்கு மாதங்களில், செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டனர். எவரும் திரும்பவில்லை.